கழுவிய பாட்டில்

“இன்னா பாப்பா, என் ஊட்டுத் தண்ணியில புழு நெளியுதா?”

“இல்லம்மா. டாக்டர் ஆறு மாசம் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லிக்கீறாரு.”

“டாக்டர் சொன்னாரா, உன் மாமியார் சொல்லிச்சா?”

“ரெண்டு பேருந்தான்.”

“சரி, டாக்டர் சொன்னது ஆறு மாசத்துல முடிஞ்சிரும். உன் மாமியார் சொன்னது எப்போ முடியும்?”

லாவண்யா முன்னறைப் பக்கம் திரும்பினாள். மண்ணூர்பேட்டையில் அம்மாவின் வீட்டுச் சமையலறை இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும். அங்கிருந்து பார்த்தால் அவள் கணவன் விக்ரம் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவன் முன்னால் ஸ்டூலில் அம்மா வைத்த சொம்பு, விளிம்புவரை தண்ணீரோடு அப்படியே இருந்தது. அவன் தன் பையிலிருந்து நீல பாட்டிலை எடுத்துத் திறந்து, தலையை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான்.

“கோச்சுக்காதம்மா.”

“கோபம் இன்னா கீது இதுல. சண்டை போட வந்தவன்கூட ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பான். மாப்ளையை ஒரே ஒரு டம்ளர் குடிக்கச் சொல்லேன் பாப்பா. நல்லாக் கொதிக்க வெச்சுத்தான் வெச்சிருக்கேன்.”

“சொல்றேம்மா.”

சொல்லவில்லை. அதற்கப்புறம் இரண்டு ஆடி வந்து போய்விட்டது. ஒவ்வொரு முறை மண்ணூர்பேட்டைக்குப் போகும்போதும் நீல பாட்டில் கூடவே வந்தது. ஒவ்வொரு முறையும் அம்மா நாகம்மா சொம்பை நிரப்பி ஸ்டூலில் வைத்தாள். அவர்கள் கிளம்பிய பிறகு அந்தத் தண்ணீரை வாசல் செம்பருத்திக்கு ஊற்றினாள். அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட் கேன்டீனில் தினம் இருநூறு பேருக்குச் சமைக்கிறவள் அவள். அந்த இருநூறு பேரும் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். மாப்பிள்ளை மட்டும் குடிப்பதில்லை.

லாவண்யா அந்த ஒரு வாக்கியத்தைத் தொண்டையிலேயே வைத்திருந்ததற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை. ஒரு காகிதமும் காரணம்.

கல்யாணமான முதல் ஆடியில் நாகம்மா மாப்பிள்ளையை விருந்துக்கு அழைத்தாள். மூன்று வாரத்தில் விக்ரமுக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எலுமிச்சம்பழ நிறத்தில் கிடந்தவனைப் பார்த்து அவன் அம்மா ராணி கேட்ட முதல் கேள்வி, “வெளியில எங்கப்பா சாப்பிட்டே?” என்பதுதான். வெளியில் என்று அந்த மாதத்தில் அவன் சாப்பிட்டது மாமியார் வீட்டில் மட்டும்தான்.

“நம்ம வீட்டுத் தண்ணியாவும் இருக்கலாம் இல்ல அத்தை?” என்று லாவண்யா ஒரே ஒருமுறை கேட்டாள். மாமனார் நடேசன் அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து வந்தார். நூம்பலில் அவர்கள் இருக்கும் மலர்வனம் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் அவர்தான். அறுபத்து நான்கு வீட்டுத் தண்ணீருக்கும் அவர்தான் பொறுப்பு. ஃபைலில் இருந்தது தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை. கோலிஃபார்ம் கிருமி: இல்லை. ஈ. கோலை: இல்லை.

“உங்க லேப் குடுத்த ரிப்போர்ட்தானேம்மா?” என்றார் நடேசன். மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் அதிகமாக வலித்தது.

ஆமாம், அவள் லேப் கொடுத்த அறிக்கைதான். அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டி மண்ணூர்பேட்டையில், அம்மா வீட்டிலிருந்து நாலாவது தெருவில் இருக்கும் அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அவள்தான் பொறுப்பாளர். மைக்ரோபயாலஜி படித்தவள். தான் இருக்கும் கட்டடம் என்பதால் மலர்வனம் சாம்பிளை மட்டும் அவள் தொடுவதில்லை. கூட வேலை பார்க்கும் சுதா பார்த்துக்கொள்வாள். அந்த நேர்மையே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. தன் லேப்பின் முத்திரையோடு வந்த காகிதத்தைப் பொய் என்று எப்படிச் சொல்வாள்? அன்று ராத்திரி அவளும்தான் நினைத்தாள்: அம்மா வீட்டுக் குழாய்தான் தெருச் சாக்கடை ஓரமாகப் போகிறதே என்று. பெற்ற தாயை ஒரு ராத்திரி சந்தேகப்பட்டாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருஷத்தில் அதே மாதிரி ஏழு அறிக்கைகள் வந்தன. எல்லாம் இல்லை, இல்லை, இல்லை. நடேசன் ஒவ்வொன்றையும் லேமினேட் செய்து லிஃப்ட் பக்கத்தில் மாட்டினார்.

எட்டாவது தடவைதான் லேப்பின் போன் செயலி வந்தது.

லேப் முதலாளி பூபாலன் கடன்பட்டாவது அதைச் செய்தே தீருவேன் என்று நின்று செய்தார். இனிமேல் காகிதம் கிடையாது. ஒவ்வொரு குழாய் பக்கத்திலும் ஒரு கியூ.ஆர். ஸ்டிக்கர். தண்ணீர் பிடிக்கிறவர் அதை ஸ்கேன் செய்து, சீல் உடைக்காத பாட்டிலை ஒரு படம், பிடிக்கும்போது ஒரு படம், மூடியபின் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். முடிவு இனிமேல் செயலாளர் ஒருவர் கைக்குப் போகாது. பொறுப்பாளர் விரல் வைத்ததும் ஒரே நேரத்தில் எல்லா வீட்டுப் போனுக்கும் போய்விடும்.

ஒரு திங்கட்கிழமை காலை சுதா தன் நாற்காலியோடு உருண்டு வந்து லாவண்யாவின் மேஜையில் இடித்தாள்.

“அக்கா, ஒரு படம் காட்றேன். சிரிக்காதீங்க.”

மலர்வனத்திலிருந்து வந்திருந்த முதல் படம். ‘சீல் உடைக்காத பாட்டில்’ என்று கேட்ட இடத்தில், மூடி இல்லாத ஆறு பாட்டில்கள் ஒரு கறுப்பு கிரானைட் மேடையில் தலைகீழாகக் கவிழ்ந்து வரிசையாக நின்றன. பளபளவென்று இருந்தன. பின்னால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். அதற்குப் பக்கத்தில் முருகன் படம் போட்ட, காது உடைந்த கிண்ணம்.

“இது உங்க ஊட்டு கிச்சன்தானே அக்கா?”

லாவண்யா சிரிக்கவில்லை. அந்தக் கிண்ணத்தில்தான் அன்று காலை அவள் காபி வடிகட்டியை வைத்துவிட்டு வந்தாள்.

தண்ணீர் பிடிக்கும் பாட்டிலுக்குள் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி இருக்கும். அது அழுக்கு இல்லை. தண்ணீரில் கலந்திருக்கும் குளோரினை அடக்கி வைக்கிற மருந்து. அந்தப் பொடி இல்லாவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே குளோரின் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். நூம்பலில் இருந்து மண்ணூர்பேட்டை வந்து சேர்வதற்குள் உள்ளே இருந்த கிருமியெல்லாம் செத்துப்போகும். லேப்பில் தட்டில் ஊற்றி வளர்த்தால் ஒன்றும் முளைக்காது. குழாயில் உயிரோடு இருக்கிற பூச்சி, அறிக்கையில் மட்டும் இருக்காது.

அவள் மாமியாருக்குப் போன் செய்தாள்.

“அத்தை, லேப்ல இருந்து மாமா எடுத்துட்டு வர்ற பாட்டிலை நீங்க கழுவுவீங்களா?”

“பின்ன? உள்ள ஒரே வெள்ளை வெள்ளையாப் பொடி. உங்க லேப்ல கழுவாமலே குடுக்கறாங்க போல. சொல்லிக் காட்டினா நீ வருத்தப்படுவேன்னு நானே சோப்புப் போட்டு, வெந்நீர் ஊத்தி, கவுத்து வெச்சிருவேன். ஏன், வாசனை வருதா?”

“எத்தனை தடவையா அத்தை?”

“முதல் தடவையில இருந்தே. உங்க மாமாவும் சும்மா இருக்க மாட்டார். சாம்பிள் எடுக்கறதுக்கு முந்தின நாள் தரைக்கு அடியில இருக்கிற சம்பைக் கழுவி, டேங்குக்கு எல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுருவார். நாளைக்குப் பிடிக்கணும்னு இன்னைக்குச் சாயங்காலம் ஆளை வரச் சொல்லியிருக்கார். நாலு பேர் பார்க்கப்போற தண்ணி, சுத்தமா இருக்க வேண்டாமா?”

லாவண்யா போனை வைத்தாள். இதில் யாரும் ஏமாற்றவில்லை. விருந்தாளி வருவதற்கு முன்னால் வீட்டைப் பெருக்குவது மாதிரி, பரிசோதனைக்கு முன்னால் தண்ணீரைப் பெருக்கியிருக்கிறார்கள். அந்தச் சுத்தத்தின் அழகில் இரண்டு வருஷமாக அவள் அம்மா அழுக்கானவளாக இருந்திருக்கிறாள்.

“அந்தப் பாட்டில்ல ஒட்டியிருக்கிற வழிமுறைச் சீட்டு?” என்றாள்.

“இங்கிலீஷ்ல கீது அக்கா. எறும்பு சைஸ் எழுத்துல” என்றாள் சுதா. “தப்பு நம்ம மேலயுந்தான்.”

“இந்தப் பாட்டிலை எல்லாம் ரிஜெக்ட் பண்ணு. வண்டியை எடு. நாமளே போய்ப் பிடிப்போம்.”

“சொல்லிட்டுப் போலாமா?”

“சொன்னா பெருக்கி வெச்சிருவாங்க.”

எஸ்டேட் ரோட்டில் இறங்கி, வானகரம் தாண்டி, வேலப்பன்சாவடி மேம்பாலத்துக்குக் கீழே லாரிகளுக்கு நடுவில் புகுந்து அவர்கள் நூம்பல் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. சுதா குழாய் வாயை நெருப்பில் சுட்டு, ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து, சீலை உடைத்துப் பிடித்தாள். லாவண்யா ஐஸ் பெட்டியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள். சம்பு ஒன்று, மேல் டேங்க் இரண்டு, வீட்டுக் குழாய் மூன்று. மூன்றாவது குழாய் அவள் வீட்டுச் சமையலறைக் குழாய்.

ராணி முந்தானையில் கையைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். “அந்தப் பொடியோடயேவா பிடிக்கறீங்க?” என்று கேட்டு, முகத்தைச் சுளித்தாள்.

புதன்கிழமை காலை தட்டுகளை வெளியே எடுத்தார்கள். சுதா எண்ணினாள், எண்ணுவதை நிறுத்தினாள். ஆறு தட்டில் ஐந்தில் நீலமும் ஊதாவுமாகப் புள்ளிகள். கோலத்துக்கு வைத்த புள்ளி மாதிரி ஒழுங்காக இல்லை. கடுகு சிந்தினது மாதிரி இருந்தது. ஈ. கோலை. அது தானாகத் தண்ணீரில் வருகிற ஜீவன் இல்லை. கழிவு கலந்தால்தான் வரும். சம்புக்கு இரண்டடி தள்ளி கழிவுநீர்த் தொட்டி இருப்பதை லாவண்யா தினம் ஸ்கூட்டி நிறுத்தும்போது பார்த்திருக்கிறாள்.

சுதா பதிவு செய்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். செயலி லாவண்யாவின் விரலுக்குக் காத்திருந்தது. பூபாலனுக்குப் போன் செய்து, தன் கட்டடம் என்பதால் அவர் விரல் வைக்கிறாரா என்று கேட்டாள். “தட்டை நான் பார்த்தேனா? பார்த்தவங்கதாம்மா கையெழுத்துப் போடணும். மறைக்கறதா இருந்தாத்தான் நீ போடக்கூடாது” என்று சொல்லிவிட்டார் அவர்.

செயலாளருக்கு மட்டும் அரை மணி முன்னால் தகவல் சொல்லலாம் என்று விதி. சொன்னாள். அடுத்த நிமிஷம் நடேசன் அழைத்தார்.

“அம்மா லாவண்யா. அதுல நிறுத்தி வைக்கிறதுக்கு ஒரு பட்டன் இருக்கு இல்ல?”

“இருக்கு மாமா. சந்தேகம் இருந்தா ஒருநாள் நிறுத்தலாம்.”

“ஒருநாள் போதும்மா. இன்னைக்கே டேங்கைக் காலி பண்றேன். ஆளை விட்டுச் சம்பு விரிசலைப் பூசிடறேன். நாளைக்கு மறுபடி எடு. சுத்தமா வரும். அதை அனுப்பு. யாருக்கும் நஷ்டம் இல்லை.”

“இன்னைக்கு ராத்திரி அறுபத்து நாலு வீட்லயும் இந்தத் தண்ணியிலதான் மாமா பல் தேய்ப்பாங்க.”

“நான் வாய்வார்த்தையாச் சொல்லிடறேன், கொதிக்க வெச்சுக்கோங்கன்னு.”

“என்ன காரணம் சொல்லுவீங்க?”

அவர் பக்கத்தில் பிரஷர் குக்கர் ஒருமுறை விசில் அடித்து ஓய்ந்தது. “ஏழு ரிப்போர்ட்டை நான் என் கையால மாட்டியிருக்கேன்” என்றார். “எல்லாம் நல்ல ரிப்போர்ட். இப்போ என் மருமகளே வந்து... நாலு பேர் என்ன பேசுவாங்கன்னு யோசிச்சுப் பாரு. நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை.”

அது உண்மைதான். அவர் எதுவும் கேட்டதில்லை. அவளும் எதுவும் கேட்டதில்லை. யாரும் எதுவும் கேட்காமலே ஒரு நீல பாட்டில் இரண்டு வருஷமாக மண்ணூர்பேட்டைக்கும் நூம்பலுக்கும் போய்வந்துகொண்டிருந்தது.

‘நிறுத்தி வை’ பட்டனை அவள் தொட்டுப் பார்த்தாள். ஒரு கட்டம் திறந்தது: காரணம் எழுதவும். காரணம் என்று அதில் எழுத அவளிடம் இருந்தது ஒரே வார்த்தை: மாமனார். கட்டத்தை மூடினாள்.

“மாமா, ஆவடி ஃபேக்டரியில நீங்க இன்ஸ்பெக்‌ஷன்ல எத்தனை வருஷம் இருந்தீங்க?”

“அது எதுக்கு இப்போ? முப்பத்தோரு வருஷம்.”

“கோணலா வந்த பார்ட்டுக்கு சிகப்பு பெயின்ட் அடிப்பேன்னு சொல்லியிருக்கீங்க. ஒரு தடவையாவது, ‘அண்ணே, இன்னைக்கு அடிக்காதீங்க, நாளைக்கு நல்லதாச் செஞ்சு தரேன்’னு யாராவது கேட்டிருக்காங்களா?”

“தினம் கேப்பாங்க.”

“நீங்க என்ன செய்வீங்க?”

 “அது பீரங்கி வண்டிக்குப் போற சாமான்மா. உள்ள ஆள் உக்காந்திருப்பான்” என்றார் நடேசன். சொன்ன பிறகு அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். போன் அணைந்தது.

லாவண்யா விரலை வைத்தாள்.

அவள் வீடு வந்து சேர்ந்தபோது மணி ஆறரை. வாசலில் தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்தன. கீழே சம்புக்குப் பக்கத்தில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். மூன்றாம் மாடிக் கஸ்தூரி மேடம் மட்டும் முன்னால் வந்து, “முன்னாடியே உனக்குத் தெரியாதாம்மா? நீ இங்கதானே இருக்கே?” என்று கேட்டாள்.

“தெரியாது மேடம். தெரிஞ்ச நாள்லயே அனுப்பிட்டேன்.”

“மாமனாரைச் சந்தி சிரிக்க வெச்சிட்டியே.”

“சிரிக்கிறவங்க கொதிக்க வெச்சுக் குடிச்சிட்டுச் சிரிக்கட்டும் மேடம்” என்று சொல்லிவிட்டு அவள் மாடி ஏறினாள்.  லிஃப்ட் பக்கத்தில் ஏழு லேமினேட்டும் இருந்த இடத்தில் ஏழு ஆணி மட்டும் இருந்தது. நடேசனே கழற்றியிருக்கிறார்.

வீட்டுக்குள் யாரும் சத்தம் போடவில்லை. அதுவே ஒரு மாதிரியாக இருந்தது. நடேசன் சாப்பாட்டு மேஜையில் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்து போனில் ஏதோ செய்துகொண்டிருந்தார். விக்ரம் கேன் தூக்கியதில் சட்டை நனைந்து நின்றான். போரூர் ஆபீசிலிருந்து அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். ராணி அவளுக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்:

“நான் கழுவினதாலதானா எல்லாம்?”

“நீங்க கழுவினதால தண்ணி கெடலை அத்தை. கெட்டது தெரியாமப் போச்சு. தமிழ்ல எழுதிக் குடுக்காதது எங்க தப்பு.”

“பொடியைப் பார்த்தா யார்தான் கழுவ மாட்டாங்க” என்று ராணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நடேசன் கையில் இருந்தது செயலியின் அடுத்த பக்கம். முடிவோடு கூடவே அது எல்லா வீட்டுக்கும் மூன்று கேள்வி அனுப்பியிருந்தது. இரண்டு வருஷத்தில் வீட்டில் யாருக்காவது காமாலையோ வயிற்றுப்போக்கோ வந்ததா? எந்த மாதம்? என்ன காரணம் என்று நினைத்தீர்கள்? பதில்களைச் சரிபார்த்து அனுப்புவது செயலாளர் வேலை. ஃபேக்டரிப் பழக்கம் அவரை விடவில்லை. எதையும் வாய்விட்டுப் படித்துத்தான் டிக் போடுவார். கோபத்திலும் அதை மாற்ற முடியவில்லை.

“ஏ பிளாக் பன்னிரண்டு. ரெண்டு குழந்தைக்கும் காமாலை. காரணம், வேலப்பன்சாவடி பானிபூரி.” டிக்.

“சி பிளாக் ஏழு. வயித்துப்போக்கு. காரணம், சீர்காழி கல்யாணத்துல சாம்பார்.” டிக்.

“ஏ பிளாக் மூணு, கஜபதி. காமாலை. காரணம்...” கண்ணாடியைச் சரிசெய்தார். “புது கார் வாங்கினதுல கண்ணு பட்டது.”

விக்ரம் சிரித்துவிட்டான். ராணி அவனைப் பார்த்த பார்வையில் நிறுத்தினான்.

“பி இருபத்தொண்ணு, கஸ்தூரி. காமாலை. திருப்பதி போகும்போது பஸ் நிறுத்தின ஓட்டல்.” டிக். “டி பிளாக் ஒன்பது. குழந்தைக்கு மூணு தடவை வயித்துப்போக்கு. வேலைக்கு வந்த பொன்னியம்மாவுக்குக் கை சுத்தம் இல்லைன்னு நினைச்சு...” குரல் தணிந்தது. “நினைச்சு வேலையை விட்டு நிறுத்திட்டோம்.”

இதற்கு அவர் டிக் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். அந்தப் பொன்னியம்மாவை அவர்கள் எல்லோருக்கும் தெரியும். லிஃப்டில் பார்த்தால், “சார், சாப்ட்டியா?” என்று கேட்பாள். ஒருநாள் முதல் வராமல் போனாள். ஏன் என்று யாரும் விசாரிக்கவில்லை.

இருபத்து மூன்று வீட்டில் நோய் வந்திருந்தது. இருபத்து மூன்று வீட்டுக்காரர்களும் வேறு எங்கோ போய்க் காரணம் தேடியிருந்தார்கள். ஒருவருக்கும் தன் வீட்டுக் குழாய் மேல் சந்தேகம் வரவில்லை. கீழே லிஃப்ட் பக்கத்தில்தான் லேமினேட் போட்ட சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்ததே.

“பி பதினாலு” என்று படித்தார் நடேசன். அது அவர்கள் வீடு. எதிரே மூன்று கட்டமும் காலியாக இருந்தன. “விக்ரம். காமாலை. ஆவணி மாசம்” என்று சொல்லிக்கொண்டே பதிந்தார். மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் விரல் அந்தரத்தில் நின்றது.

ராணி உள்ளே போகப் பார்த்தாள். போகவில்லை.

“தெரியாதுன்னு போடுங்கப்பா” என்றான் விக்ரம்.

“தெரியாதுன்னு போடாதீங்க மாமா” என்றாள் லாவண்யா. “மத்தவங்க எல்லாம் மறைக்காம எழுதியிருக்காங்க. கண்ணு பட்டதுன்னுகூட எழுதியிருக்கார் ஒருத்தர். நம்ம என்ன நினைச்சோமோ அதை எழுதுங்க.”

“எதுக்கும்மா பழசை...”

“பழசு இல்லை மாமா. போன ஞாயித்துக்கிழமைகூட பாட்டில் வந்துச்சு.”

 நடேசன் குனிந்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். இந்த முறை வாய்விட்டுப் படிக்கவில்லை. அடித்து முடித்ததும் போனை மேஜையில் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். சம்பந்தி வீட்டுத் தண்ணீர்.

“நான் சிகப்பு பெயின்ட்டைத் தப்பான சாமான்ல அடிச்சிட்டேன்” என்றார்.

 லாவண்யாவுக்கு அழப் பிடிக்கவில்லை. இரண்டு வருஷம் அழாமல் இருந்துவிட்டு, இப்போது அழுது அவர்களைச் சமாதானம் சொல்ல வைக்க அவளுக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் உள்ளபடி சொல்ல நினைத்தாள்.

“அன்னைக்கு விக்ரமுக்கு எந்தத் தண்ணியால வந்துச்சுன்னு இப்போ யாராலயும் நிரூபிக்க முடியாது மாமா. என் தட்டு இன்னைக்கு இருக்கிற தண்ணியைத்தான் சொல்லும். நான்கூட அன்னைக்கு ஒரு ராத்திரி எங்கம்மாவைத்தான் நினைச்சேன். அதுக்கு நான் எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு தெரியல.”

விக்ரம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். நல்லவன்தான். அவள் சொன்னால் கேட்பவன்தான். சொல்லாததைக் கேட்கத் தெரியாதவன்.

“லாவ், ஒண்ணு செய்யலாமா?” என்றான். “ஞாயித்துக்கிழமை மண்ணூர்பேட்டைக்குப் போறப்ப உங்க லேப் பாட்டில் ஒண்ணு எடுத்துக்கோ. அத்தை வீட்டுத் தண்ணியையும் ஒருதரம் டெஸ்ட் பண்ணிடு. சுத்தம்னு வந்துட்டா யாருக்கும் பேச்சே இருக்காது. அப்புறம் நானே...”

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ராணிகூட அதுதான் சரி என்பது போலத் தலையை ஆட்டினாள்.

லாவண்யாவின் கைப்பையில் அந்த நேரத்தில்கூட ஒரு சீல் உடைக்காத பாட்டில் இருந்தது. இரண்டு வருஷத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அதோடுதான் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அம்மா சொம்பை எடுத்து வைக்கும்போதெல்லாம், ஒரு நிமிஷ வேலை, பிடித்துவிடலாமா என்று தோன்றும். பிடித்ததில்லை. அம்மா அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிப்பதை அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள். அதற்குமேல் கிருமி பிழைக்காது என்பதைப் படித்துப் பட்டம் வாங்கினவள் அவள். அதற்குமேலும் ஒரு பாட்டில் பிடித்தால், அது தண்ணீருக்கான பரிசோதனையாக இருக்காது.

“மாட்டேன்” என்றாள்.

“கோபப்படாதே. ஒரு உறுதிக்குத்தான்...”

“இந்த வீட்ல நான் வந்து வாழ ஆரம்பிச்சப்ப, அத்தை குடுத்த தண்ணியை ரிப்போர்ட் பார்த்துட்டா குடிச்சேன்? இத்தனை நாளா எந்தத் தண்ணியைக் குடிச்சேன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதுக்காக அத்தை கையால இந்தக் காபியை வாங்க மாட்டேன்னு சொன்னேனா?”

ராணி மேஜையில் இருந்த காபியைப் பார்த்தாள். ஆடை படிந்து ஆறியிருந்தது. லாவண்யா அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். ராணியின் கண் கலங்கிவிட்டது.

“சூடு பண்ணித் தந்திருப்பேனே...”

“பரவாயில்லை அத்தை.”

சமையலறை ஜன்னலில் நீல பாட்டில் கவிழ்த்து வைத்திருந்தது. ராணி தினம் அதைக் கழுவி, வெந்நீர் ஊற்றி, அங்கேதான் காயவைப்பாள். லாவண்யா எழுந்து போய் அதை எடுத்து வந்து மேஜை நடுவில் வைத்தாள். பெரியவர்கள் முன்னால் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏங்க’ என்றுதான் கூப்பிடுவாள்.

“விக்ரம்” என்றாள். நடேசன் தலை நிமிர்ந்தார். “மாமா, அத்தை, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். இதை உங்ககிட்ட சொல்றேன்னு அம்மாகிட்ட ரெண்டு வருஷத்துக்கு முந்தியே சொல்லிட்டு வந்தேன். அவங்க இன்னும் காத்துகினு கீறாங்க. ஞாயித்துக்கிழமை மூணு பேரும் மண்ணூர்பேட்டைக்கு வாங்க. இந்தப் பாட்டில் வேணாம். எங்கம்மா சொம்புல எடுத்துகினு வந்து நிப்பாங்க. என்னைப் பார்க்காம, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காம, அவங்க கையில இருந்து வாங்கி, எங்கம்மா ஊட்டுத் தண்ணியை ஒரு டம்ளர் குடிங்க.”